தோட்டத்துக் காவல்

மூன்று மாதமாகத் தங்கியிருக்கும் மாமியாரை எப்படி ஊருக்கு அனுப்புவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மருமகனுக்குத் தோட்டமே கைகொடுத்தது.

"எவ்வளவு பெரிய பூச்சி! குளவியா மாப்பிள்ளை?" என்று மாமியார் அலறினார்.

"விஷக்குளவி அத்தை. நாலு கொட்டு போதும், ஆளே காலி. நாளைக்கே ஊருக்குக் கிளம்பிடுங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் பெட்டியைத் தூக்க வந்தவன், அத்தையைக் காணாமல் தோட்டத்துக்கு ஓடினான். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, துடைப்பமும் கையுமாக நின்றிருந்தார்.

"நான் போகலை மாப்பிள்ளை. பேத்தி விளையாடுற இடமாச்சே!"

கல்லூரியில் பூச்சியியல் பேராசிரியரான அவன் கூனிக்குறுகினான். அது குளவி வேஷம் போட்ட வெறும் ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது.

"அது வந்து அத்தை..."

"முதல்ல நீங்க உள்ளே போங்க! உங்களைக் கொட்டிடப் போகுது."