லேசான விமானத்தளம்

பனியன் கம்பெனி டிசைனர் ராபின், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக, ஊருக்குத் தெற்கே புதிதாக வந்த விமானத்தளத்தை அச்சு அசலாகச் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டான். பழைய கம்ப்யூட்டரிலும் திக்காமல் ஓடும் என்பதில் அவனுக்குப் பெருமை.

மறுநாளே, அதில் அவன் போட்டிருந்த நம்பரைப் பார்த்து, சாமளாபுரத்திலிருந்து ஈஸ்வரமூர்த்தி என்ற பெரியவர் போன் செய்தார்.

"அருமைங்க தம்பி. அந்த டவரை மட்டும் எடுத்துட முடியுங்களா?"

பாவம், ஓட்டைக் கம்ப்யூட்டர் போலிருக்கிறது என்று நினைத்து, எடுத்துவிட்டு அனுப்பினான். அடுத்த வாரம் விமானம் நிறுத்தும் ஷெட்டுகளை எடுக்கச் சொன்னார். பிறகு விளக்குகளை, அப்புறம் சுற்றுச்சுவரை. ராபினும் சளைக்கவில்லை. எடுக்க எடுக்க விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

நேற்று மறுபடியும் போன்.

"ரன்வேயையும் எடுத்துருங்க தம்பி."

ராபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, அப்புறம் பிளேன் எங்க இறங்கும்?"

"எனக்கு பிளேன் ஓட்டவே தெரியாதுங்க. அந்த ரன்வே போட்டிருக்கற எடத்துலதான் எங்க ஊடும் தோட்டமும் இருந்துச்சு. அங்க எதுவும் கட்டாதீங்கன்னு மூணு வருஷம் ஆபீஸ் ஆபீஸா மனுக் குடுத்தனுங்க. ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. நீங்கதான் சொன்ன ஒடனே எடுக்கறீங்க."