அதிகம் வந்த எழுத்து

மகள் சாருலதாவின் கைப்பை சாப்பாட்டு மேஜையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் பத்ரிநாராயணன் உள்ளிருந்த காகிதத்தை உருவி, கைபேசியில் படம் பிடித்துவிட்டு, திரும்ப வைத்தார்.

பக்கம் முழுக்க முக்கோணம், வட்டம், கொக்கி. அந்தத் தெலுங்குப் பையன் வினய்க்கு எழுதிய ரகசியக் கடிதம், வேறென்ன! "அவனோட கல்யாணம்னா, பத்திரிகை வச்சு அழைச்சாலும் எட்டிப் பார்க்க மாட்டேன்" என்று அவர் சபதம் போட்டு இரண்டு மாதமாகிறது.

"பொண்ணு லெட்டரைத் திருடறேளே, வெக்கமா இல்லையா?" என்றாள் மனைவி கல்பகம்.

"முப்பது வருஷம் எதிரி நாட்டு ரகசியக் குறியீட்டையே உடைச்சவன்டி. இதெல்லாம் ஜுஜுபி!"

ஜுஜுபி ராத்திரி வரை அசைந்து கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்து 'இ' என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அதிகம் வந்த முக்கோணத்தை 'இ' என்று வைத்தால், நாக்கு சுளுக்கும் வார்த்தைகளாக வந்தன.

"உத்தியோகத்தோட மூளையும் ரிட்டயர் ஆயிடுத்து" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. நூறு குறியில் இருபது முக்கோணம்! ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கும் அந்த யோகம் கிடையாது. 'ஏ' என்று வைத்துப் பார்த்தார். அம்மா, அப்பா என்று கடகடவென விழுந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்!

"ஆத்துல தமிழ்ல பேசுடின்னா இங்கிலீஷ்ல பதில் சொல்றா. காதலுக்கு மட்டும் தமிழாக்கும்!"

கடிதத்தில் பாதி அவருடைய புராணம்தான். அப்பா முன்கோபி, பிடிவாதக்காரர், ஆனால் அவர் இல்லாத கல்யாணத்தை நினைத்தாலே அழுகை வருகிறது. கடைசி வரி: வெள்ளிக்கிழமை பதினொரு மணி, குகட்பள்ளி ரிஜிஸ்டர் ஆபீஸ்.

ஐயோ, இன்றைக்கு! கல்பகமோ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி, மல்காஜ்கிரியிலிருந்து தனியாக ஆட்டோவில் பறந்தார்.

அங்கே மாலையும் கையுமாக நின்ற சாருலதா அவரைக் கண்டு திடுக்கிடவில்லை. பக்கத்தில் கல்பகம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது சாட்சி வந்தாகிவிட்டது என்று பதிவாளரிடம் தெலுங்கில் சொல்லிவிட்டு, மகள் அவரிடம் பேனாவை நீட்டினாள்.

"சாட்சியா? அவனுக்கு நீ எழுதின லெட்டரைப் படிச்சுட்டு, நிறுத்தறதுக்குன்னா வந்திருக்கேன்!" என்று கத்தினார்.

"அவனுக்குத் தமிழே தெரியாதேப்பா!"