கல்யாண நாள் கேட்ட கடை

மாலை வெயில் செருப்புக்கடைக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழுகிறது. பில் போடும் பெண் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் பெயர், போன் நம்பர், பிறந்தநாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். நரைத்த தலைக்காரர் பொறுமையாகச் சொல்கிறார். பக்கத்தில் மனைவி புதுச்செருப்பின் வாரைத் தடவிக்கொண்டிருக்கிறாள். "கல்யாண நாள் சார்?" வருஷா வருஷம் அதை மறந்து திட்டு வாங்குகிறவர், இன்று யோசிக்காமல் சொல்கிறார்: "ஆகஸ்ட் ஒன்பது." மனைவி நிமிர்கிறாள். "அது கல்யாண நாள் இல்லீங்க. நனைஞ்சு போய் பஸ்ல ஏறின எனக்கு நீங்க எழுந்து இடம் குடுத்த நாள்." அவர் அசடு வழிகிறார். "மாத்திடவா அம்மா?" என்று அந்தப் பெண் இப்போதுதான் தலைதூக்கிப் பார்க்கிறாள். "வேண்டாம்மா, அதுவே இருக்கட்டும்," என்கிறாள் மனைவி. பில் மெல்ல வெளியே வருகிறது. "அன்னிக்கு உன் கையில பச்சைக் குடை. கம்பி உடைஞ்சிருந்துது," என்கிறார் அவர், தாழ்ந்த குரலில். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.