கோணல் செம்பருத்தி

முனீஸ்வரி நான்கு வருடமாகப் புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தது அன்று காலையில் வெளியே வந்துவிட்டது. அதுவும் ராஜா முகம்மதுவின் எதிரில்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால், கிழிந்த சாக்கு மறைப்புக்குள், தொட்டியில் ஒரு செம்பருத்தி. ஒரே ஒரு பூ. இதழ்கள் ஒரு பக்கமாக முறுக்கி வளைந்து, நடுத்தண்டின் நுனியில் இன்னொரு குட்டிப் பூ முளைத்திருந்தது.

ஆண்கள் இருவருமே மகரந்தம் மாற்றிச் செம்பருத்தியில் புது ரகம் எடுப்பவர்கள். அவள் புருஷன் சுருளியாண்டிக்கு ஐந்து இதழும் தட்டு மாதிரி சமமாக விரிய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் செடியைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டுவிடுவான். கம்பத்து ராஜா முகம்மதுவுக்கோ பிசகினால்தான் பூ. தேனிக் கண்காட்சியில் வருடா வருடம் இதற்காகவே இருவரும் முட்டிக்கொள்வார்கள்.

இந்தச் செடியும் முதல் பூவிலேயே குழிக்குப் போனதுதான். அப்போது முனீஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தாள். எப்போது எழுந்து போய் எடுத்தாளோ.

ராஜா முகம்மது குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒன்றுக்காகத்தான் பத்து வருடமாகப் பாடுபடுவதாகச் சொன்னான். ஒட்டுக்கட்ட ஒரு கிளை கொடுத்தால் போதும், பதிலுக்குத் தன் தோட்டத்தில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

கிளையை வெட்டச் சுருளியாண்டி உடனே கத்தியை எடுத்தான். முனீஸ்வரி தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இது மேல கத்தி படக்கூடாது."

கிளையை வெட்டினால் செடி சாகாது, இன்னும் நன்றாகத் தழைக்கும் என்று ராஜா முகம்மது, "தங்கச்சி, தங்கச்சி" என்று பொறுமையாக விளக்கினான். அவள் நிமிரவே இல்லை.

சுருளியாண்டிக்கு முகம் சுண்டிப்போனது. தனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே வீம்புக்கு வளர்த்திருக்கிறாள் என்று கத்தினான். "இதப் போயி அழகுன்னு வச்சிருக்கியா?"

"அழகான்னு நான் பாக்கல."

அந்தக் குரல் அவனை என்னவோ செய்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கூடிய மட்டும் தணிந்து பேசினான்.

"கோணலாப் பெறந்தத வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படுற? இத விட்ரு. அடுத்தது நல்லதா வரும்."

முனீஸ்வரி அந்த வளைந்த இதழ்களைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வயித்துல இருந்த பிள்ளைக்குக் கால் கோணல்னு ஸ்கேன்ல சொன்ன அன்னைக்கும் இதத்தான் சொன்னீக. நானும் சரின்னுட்டேன்."