தொண்டிக்கு ஒரு கடத்தல்

“கதவத் தெறடா காசி. இல்ல, ஒடைச்சுப்புடுவேன்.”

உள்ளேயிருந்து கதவில் உதை விழுந்தது. கேரவன் எழுமலையைத் தாண்டி உசிலம்பட்டி ரோட்டில் பறந்தது. வாடகை வண்டியை வேடிக்கை பார்க்க ஏறிய அழகுபாண்டியை, கூடப் படித்த காசிமாயனும் முத்திருளனும் வெளியிலிருந்து பூட்டி, உள்ளே அடைத்துவிட்டார்கள்.

“தொண்டி பாக்கப் போறோம் மாப்ள. பாண்டிய ராசா காலத்துத் துறைமுகம். பேசாம கட்டில்ல படு,” என்றான் காசிமாயன், ஓட்டிக்கொண்டே.

“இன்னைக்கு நம்மூரு ஜல்லிக்கட்டுடா. நான் எறங்கலேன்னா பயந்தாங்கொள்ளின்னு ஊரே காறித் துப்பும்.”

துப்பத்தான் செய்யும். அழகுபாண்டி திமில் பிடித்து அணையாத மாடு அந்த வட்டாரத்தில் இல்லை. போன வருடம் ஒரு மயிலைக்காளை தொடையைக் கிழித்ததில் அவன் பிழைத்ததே குலசாமி புண்ணியம். அதனால்தான் அவன் மனைவி சத்யப்ரியா காசிமாயனிடம் வந்து, “ஜல்லிக்கட்டு அன்னைக்கு ஒருநா மட்டும் அவர எங்கயாச்சும் கொண்டுபோயி அடைச்சு வைங்கண்ணே” என்று கும்பிட்டு அழுதிருந்தாள்.

சிவகங்கையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கு நிறுத்தினார்கள். உள்ளே அவனுக்கும் ஒரு டீயை நீட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பியவர்களுக்கு, பாதி டீயில்தான் நினைவு வந்தது. கதவைப் பூட்டவே இல்லை.

ஓடிவந்து பார்த்தால், அழகுபாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

“ரோசக்காரப்பய. நம்ம மேல கோவம்,” என்றான் முத்திருளன்.

தொண்டியில் ஆற அமரச் சுற்றினார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து, கைதியைப் போல அவனைப் படகுத்துறையெல்லாம் நடத்திக் காட்டினார்கள். அவன் கடலைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. பொரித்த நெத்திலியை மட்டும் விடவில்லை.

பொழுது சாய, கடைசி மாடும் அவிழ்த்தாயிற்று என்று ஊரிலிருந்து சேதி வந்தது. காலையில் பிடுங்கிய போனைக் காசிமாயன் திருப்பிக் கொடுத்தான்.

“கோவத்த எங்க மேல காட்டு மாப்ள. அந்தப் புள்ளைய வையாத.”

அழகுபாண்டி போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு படகுத்துறையின் கடைசிக்குப் போனான்.

“ஏங்க, மைக்குல உங்க பேரத்தான் திரும்பத் திரும்பக் கூப்புட்டாக,” என்றாள் சத்யப்ரியா. “காசி அண்ணன் கடத்திட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பக்கத்தூர்ல ஜல்லிக்கட்டாம். அதுக்காச்சும் உங்கள வரச் சொல்றாக.”

அவன் தொடைத் தழும்பைத் தடவிக்கொண்டான். நண்பர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

“எனக்குப் பயமா இருக்கு பிரியா. அதுக்கும் காசிகிட்டப் போயி, நான் சொல்லிக் குடுத்தபடியே அழுதுரு.”