கேப்டனின் பதில்

திரையில் கேப்டன் பதில் சொன்னதும் மண்டபமே ஊளையிட்டது.

"கேக்குதும்மா. அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்."

அவ்வளவுதான் வசனம். அதற்குள் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இன்னொருவர், கதையையே கொன்னுட்டானுங்க என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

முப்பது வருடங்களுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்த 'வளையம் தாண்டி' தொடரில் கேப்டன் பதில் சொல்லவே மாட்டார். சனி கிரகத்தின் வளையத்துக்குள் போன அவருடைய சிறுகலம் திரும்பாது. தாய்க்கலத்தில் இருக்கும் ஏழு வயது மகள் ரேடியோவைக் கட்டிப்பிடித்தபடி, அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் வரும். தொடர் அதோடு முடிந்துவிடும்.

அந்தக் கடைசி நாலு நிமிடத்தை மறக்க முடியாதவர்கள்தான் இன்று தவளக்குப்பத்து மண்டபத்தில் கூடியிருந்தார்கள். அறுபது பேர் இருக்கும். பெரும்பாலோருக்கு நாற்பதுக்கு மேல் வயது. கதையைப் புதிதாக எடுத்தவர்கள் கேப்டனைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

முன்வரிசையில் கலைவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய தொடரில் கலத்தின் எஞ்சினியராக நடித்தவர். அதற்கு முன்னும் பின்னும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர்.

"பாருங்க, அண்ணனுக்கே தாங்கல" என்றார் கூட்டத்தை ஏற்பாடு செய்த எழிலரசன். செல்போன் கேமரா கலைவாணனின் முகத்துக்கு நேராக இருந்தது.

கலைவாணன் மறுக்கவில்லை.

அவருக்குப் பக்கத்தில் பூவிழி உட்கார்ந்திருந்தாள். ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுத குழந்தை அவள்தான். இப்போது மின்துறையில் வேலை பார்க்கிறாள். கேப்டனாக நடித்த அரிகிருஷ்ணன் அவளுடைய சொந்த அப்பா. கடைசிக் காட்சி முடிந்து கிளம்பியவர் கடலூர் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்த கதை.

பழைய நடிகர்கள் இரண்டு பேரும் புதிய தொடரைக் கண்டித்துப் பேச வேண்டும், அதைப் பதிவு செய்து தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது எழிலரசனின் திட்டம். மைக் முதலில் பூவிழியிடம் போனது.

அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு இந்த முடிவுதான் புடிச்சிருக்கு."

மண்டபத்தில் சலசலப்பு. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"கடைசி சீன் எடுத்த அன்னைக்கி அப்பா பக்கத்து ரூம்லதான் மைக்கோட ஒக்காந்திருந்தாரு. கூப்புடு, பதில் சொல்லுவாருன்னாங்க. நானும் கூப்ட்டுக்கிட்டே இருந்தேன். அவரு பேசவே இல்ல. நான் நெசமா அழணும்னு டைரக்டர் அவர பேசக்கூடாதுன்னுட்டாராம். முடிஞ்சதும் என்னைப் பாக்காமக்கூட பைக்க எடுத்துக்கிட்டுப் போய்ட்டாரு. ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ல? இத்தன வருஷமா அவரு மேல எனக்குக் கோவம்."

பிறகு கலைவாணன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்கதான அவருகூட ரூம்ல இருந்தீங்க. நான் கூப்ட்டப்ப அவரு என்னா பண்ணிக்கிட்டிருந்தாரு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கலைவாணன் அவளுடைய கல்யாணத்தில்கூடப் பந்தியில் உட்காராமல் திரும்பியவர். இன்றைக்கும் வந்திருக்க மாட்டார். அவளே மூலக்குளத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்து, நீங்க வந்தாத்தான் நானும் போவேன் என்று சொல்லிவிட்டாள்.

எழுந்து மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அழுதுக்கிட்டிருந்தாரும்மா. நீ ஒவ்வொரு தடவ கூப்புடும்போதும் பதில் சொல்ல வாயெடுத்தாரு. நாந்தான் பொத்துனேன். கோவப்படணும்னா என்மேல படு."

பூவிழி அவர் கையைப் பிடித்தாள். அப்படியே உட்கார்ந்து அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. முகத்தை நிமிர்த்தியபோது அவள் சிரிக்கவும் செய்தாள்.

எழிலரசன் செல்போனை மெல்லக் கீழே இறக்கினார். யாரும் கை தட்டவில்லை. கண்டனம் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவும் இல்லை.

கலைவாணன் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

அரிகிருஷ்ணன் அன்று படப்பிடிப்புக்கு வந்து சேரவே இல்லை. குழந்தை வேனில் முன்னால் வந்துவிட்டாள். அவர் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டது. காட்சி முடிந்து கிளம்பிய பிறகுதான் விபத்து என்பது டைரக்டர் வெளியே சொன்ன கதை.

எழுதிவைத்திருந்த கதையில் கேப்டன் பதில் சொல்வதாகத்தான் இருந்தது. டைரக்டர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குழந்தையை ரேடியோ முன்னால் உட்கார வைக்கச் சொன்னார். அவள் யார் சொன்னால் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். கலைவாணன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அப்பா பக்கத்து ரூம்ல இருக்காரு, கூப்புடு, என்றார்.

பிறகு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே வேறு யாரும் இல்லை. அழுதவரும், பதில் சொல்ல வாயெடுத்தவரும், அந்த வாயைப் பொத்தியவரும் அவரேதான்.