ஒட்டாத நாற்காலி

மரத்தூள் மிதக்கும் வெயிலில் நான்கு நாற்காலிகள் கண்ணயர்ந்திருந்தன. மூன்று பழசு. உடைந்துபோன நான்காவதற்கு ஈடாகத் தச்சர் புதிதாகச் செய்தது மட்டும் வெளிறியிருந்தது.

“இது மட்டும் ஒட்டாம நிக்குதுண்ணே. சாயம் பூசிப் பழசாக்கிடுங்க,” என்றாள் நாற்காலிகளை எடுத்துப்போக வந்தவள்.

“புதுசைப் பழசுன்னு காட்டுறது ஏமாத்து வேலைம்மா. தலைகீழா நின்னாலும் செய்யமாட்டேன். பழைய செட்டுன்னு சொல்லி விக்கப்போறீங்களா?”

“ஐயோ, இல்லண்ணே.” அவள் புது நாற்காலியின் முதுகைத் தடவினாள். “அவரும் ரெண்டு பிள்ளைங்களும் எப்பவும் அந்த மூணுலதான் உட்காருவாங்க. இது எனக்கு. போன மாசம்தான் அந்த வீட்டுக்குச் சித்தியா வந்தேன்.”

தச்சரின் கை சாயக் குப்பிவரை போய்த் திரும்பியது.

“சன்னலோரமா போட்டு உட்காருங்கம்மா. வெயில் படப்பட மரம் தானா நிறம் மாறும். பூசின சாயம் ஒருநாள் வெளுத்துரும். தானா வந்த நிறம் எங்க போகும்?”